ஆலோசனையும் அமானிதமும்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்திருந்தேன். அமெரிக்காவில் வணிக நிர்வாகம் பயின்றுகொண்டிருந்த என் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அத்தா, அடுத்த வாரம் ஆம்பூருக்கு வருகிறேன்."

"விடுமுறையா?" என்று கேட்டேன்.

"இல்லை அத்தா, பாடம்" என்றாள்.

பாடத்திற்காகக் கடல் கடந்து சென்றவள், அந்தப் பாடத்தையே படிக்கக் கடல் கடந்து திரும்பி வருவது எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கிச் சொன்ன பிறகு பாதி விளங்கிற்று. மீதிப் பாதி விளங்குவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதைத்தான் இங்கே எழுதத் துணிகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக இத்தகைய படிப்புகளுக்குச் செல்லும் காலம் இது. அவர்கள் அங்கே என்ன பயில்கிறார்கள் என்பதைப் பெற்றோர் ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அமெரிக்க வணிகக் கல்லூரிகளில் நெடுங்காலமாக ஒரு முறை உண்டு. ஏதேனும் ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுதி மாணவர் கையில் கொடுத்து, "இந்த இடத்தில் நீர் இருந்தால் என்ன செய்வீர்?" என்று வகுப்பில் விவாதிக்கச் செய்வார்கள். 1908இல் தொடங்கப்பெற்ற ஹார்வர்டு வணிகக் கல்லூரி இம்முறைக்குப் பேர்போனது. ஆனால் தாளில் உள்ள கம்பெனிக்குத் தாளிலேயே வழி சொன்னவர், உண்மையான கம்பெனிக்குள் நுழைந்தால் தடுமாறுகிறார் என்ற குறையும் கூடவே எழுந்தது. ஆகவே மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, மெய்யான நிறுவனங்களுக்கு ஆலோசகர்களாக அனுப்பும் ஏற்பாடு வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரி 1992இல் இதைத் தொடங்கியது. அங்கே முதலாண்டு மாணவர்கள் ஏழு வாரம் இதே வேலையாக இருக்க வேண்டும். எம்.ஐ.டி. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தில், மாணவர்கள் இலையுதிர்காலத்தில் அங்கிருந்தபடியே ஆராய்ந்துவிட்டு, ஜனவரியில் மூன்று வாரம் அந்தந்த நாட்டுக்கே சென்று தங்குவார்கள். ஹார்வர்டும் 2012 ஜனவரியில் ஏறத்தாழ 900 மாணவர்களை ஒரே வேளையில் பல நாட்டு நகரங்களுக்கு அனுப்பிற்று.

நமக்கு இது முற்றிலும் புதியதன்று. ரமலான் பிறந்தால் நம் ஹாபிழ் மாணவர்களை முன்பின் அறியாத ஊர்களுக்குத் தராவீஹ் தொழவைக்க அனுப்புகிறோம் அல்லவா? ஓதியது வேறு, முஸல்லாவில் ஏறி நிற்பது வேறு என்பதை அந்த ஒரு மாதத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். வேறுபாடு ஒன்று உண்டு. நம் மாணவன் தவறினால் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்க ஒருவர் நிற்பார்.

ஏற்பாடு இதுதான். நிறுவனம் ஒரு கேள்வியை எழுதிக் கொடுக்கும். பெரும்பாலும் பயணச் செலவையும் தங்கும் செலவையும் அதுவே ஏற்கும். மாணவருக்குக் கூலி இல்லை, மதிப்பெண் உண்டு. ஒரு பேராசிரியர் மேற்பார்வை செய்வார். அறிந்ததை வெளியில் சொல்வதில்லை என்று மாணவர்கள் கையெழுத்திடுவார்கள். கடைசி நாளில் நிறுவனத்தார் முன்னிலையில் தங்கள் முடிவைப் படங்களோடு எடுத்துரைப்பார்கள். நம் இஃப்தா வகுப்பில் கேள்வித்தாள் முதலில், பதில் பிறகு. இவர்களோ பதிலை முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டுக் காரணங்களைப் பின்னால் அடுக்குகிறார்கள். முதலாளிகளுக்குப் பொறுமை குறைவு போலும்.

என் மகள் பயின்றதும் அத்தகைய ஒரு கல்லூரியில்தான். அவளோடு நால்வர்: அமெரிக்கர் இருவர், பிரேசில் நாட்டு இளைஞர் ஒருவர், சீனப் பெண் ஒருத்தி. அவர்களிடம் ஆலோசனை கேட்டது வெளிநாட்டில் காலணி விற்கும் ஒரு நிறுவனம். அதற்கு ஷூவின் மேற்பாகம், அதாவது இங்குள்ளவர் சொல்லும் 'அப்பர்', ஆம்பூரில் தைக்கப்பெற்றுச் சென்றது. சரக்கு ஏன் தவணை தவறி வருகிறது, அடக்கச் செலவை எங்கே குறைக்கலாம் என்பதே கேள்வி.

வெளியிலிருந்து ஆலோசனை வருவது ஆம்பூருக்குப் பழகிய ஒன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட ஊர்கள் இவை. தோல் ஷாப்புகளில் ஈட்டிய செல்வந்தர்கள் பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் கட்டினார்கள். 1924இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவிய மர்ஹூம் காக்கா உமர் சாஹிப் அவர்களும் தோல் வணிகரே. 1970களில் அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை அனுப்பாதீர், முடித்த சரக்காக அனுப்புவீர் என்றது. 1989இன் இறுதியில் ஜெர்மனி, பென்டாகுளோரோபீனால் என்னும் பூசணக்கொல்லி கலந்த தோலுக்குத் தடை போட்டது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பாலாற்றைக் கெடுத்த கழிவுநீர் குறித்துத் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு முறையும் தொழில் மாறிற்று. சில குடும்பங்கள் உயர்ந்தன, சில நொடித்தன. வெளியிலிருந்து வந்தவர் சொன்னது பலமுறை நியாயமாகவே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாலாற்றின் கதியைக் கண்ணால் கண்டவன் நான்.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

ஷூவில் ஒரு வகை உண்டு. அதன் முகப்பில் இரண்டு தோல்களையும் சேர்த்துக் கையாலேயே சுருக்கித் தைக்க வேண்டும். இதைக் கம்பெனிக்குள் செய்வதைவிட வீடுகளுக்குக் கொடுத்து வாங்குவது மலிவு. ஓர் ஏஜென்ட் மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவார்; பெண்கள் தைத்துக் கொடுப்பார்கள்; ஜோடிக்கு ஏழு ரூபாய். நான் தங்கியிருந்த மத்ரஸா அறைக்குப் பின்தெருவில் பதினேழு வீடுகளில் இந்த வேலை நடந்தது. முஸ்லிம் வீடுகளும் இந்து வீடுகளும் கலந்த தெரு. திண்ணையிலும் வாசற்படிக்கு உட்புறத்திலும் விரலில் துணி சுற்றிக்கொண்டு, மெழுகுநூல் இழுத்தபடி அவர்கள் இருப்பதை இருபது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். கம்பெனியின் பேரேட்டில் இவர்களில் ஒருவர் பெயரும் கிடையாது.

மாணவர்கள் முதல் வாரத்திலேயே இந்த வேலை எங்கோ வெளியே நடக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளே தைக்கப்பட்டதாகக் கணக்கில் இருந்த ஜோடிகளுக்கு உள்ளே ஆள் போதவில்லை என்று அந்தச் சீனப் பெண் கூட்டிக்கழித்துச் சொன்னாளாம். ஆனால் தெருவுக்குள் வந்தபோது எவரும் வாய் திறக்கவில்லை. "நாங்க சும்மா இருக்கோம்" என்று பதில் வந்தது. தைத்துக்கொண்டிருந்ததைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு அப்படிச் சொன்னார்கள்.

மகள் என்னிடம் வந்தாள். என் குடும்பம் காவிரிக்கரை ஊரிலேயே இருந்தமையால் ஆம்பூரில் அவளை அறிந்தவர் இல்லை. என்னை அனைவரும் அறிவர். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவன். இந்து வீட்டார்கூடக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தண்ணீர் ஓதி வாங்க மத்ரஸா வாசலுக்கு வருவார்கள். "நீங்கள் கூட வந்தால் பேசுவார்கள் அத்தா" என்றாள்.

போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இது என் மகள். பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்" என்றேன். இவ்வளவுதான் நான் செய்தது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிறகு எத்தனையோ இரவுகள் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் சொன்னார்கள். கூலி எவ்வளவு, ஏஜென்ட் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார், கண் எப்போது மங்கிற்று, எந்த மாதம் வேலையே இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் சிறுமி எத்தனை ஜோடி தைத்துக் கொடுப்பாள் என்பதுவரை சொன்னார்கள். கடைசிச் செய்தியை ஒரு தாய் சொன்னபோது என் மகள் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

அப்பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பதினொரு நாள் அந்தப் பிரேசில் இளைஞர் வெயிலில் மூட்டைகளின் பின்னாலேயே அலைந்தார். ஒவ்வொரு மூட்டையும் கம்பெனி வாயிலை விட்டுப் புறப்பட்ட நேரம், ஏஜென்ட் வீட்டில் கிடந்த நேரம், தெருவில் இறங்கிய நேரம், தைத்து முடிந்த நேரம், எல்லாம் அவருடைய குறிப்பில் ஏறின. அதுவரை கம்பெனியில் எவரைக் கேட்டாலும், "பொம்பளைங்க லேட் பண்றாங்க" என்றே சொல்லி வந்தார்கள். பெண்களிடம் மூட்டை இருந்தது ஒன்றரை நாள். ஏஜென்ட் வீட்டில் கிடந்ததோ இரண்டு நாள், சிலபோது மூன்று நாள். ஒரே வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றி வாடகையை மிச்சப்படுத்த அவர் காத்திருந்திருக்கிறார். இருபது ஆண்டு அதே தெருவில் நடந்தவன் நான்; எனக்கு இது தெரியாது. தாமதப் பழி சுமந்த பெண்களுக்கும் தெரியாது. தமிழ் ஒரு சொல்லும் அறியாத ஒருவர் பதினொரு நாளில் அதை அறிந்து சொன்னார்.

இங்கே அகழ்ப் போரை நினையாதிருக்க இயலவில்லை. ஹிஜ்ரி 5இல் மதீனாவைப் படைகள் சூழ வந்தபோது, அகழ் தோண்டலாம் என்று வழி சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். அரபிகள் அறியாத உபாயம் அது. சொன்னவர் வெளிநாட்டார் என்று எவரும் தள்ளவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸல்மான் (ரலி) அவர்கள் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பவில்லை. அகழைத் தோண்டியவர்களில் அவர்களும் ஒருவர்; அதற்கு உட்புறத்தில் இருந்தவர்களிலும் ஒருவர்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. மதீனாவில் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்த்துக்கொண்டிருந்தவர்களைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இது பயன் தரும் என்று தாம் எண்ணவில்லை என்ற கருத்தைச் சொன்னார்கள். மக்கள் விட்டுவிட்டனர், விளைச்சல் குறைந்தது. அப்போது அண்ணலார், அது தம் சொந்த எண்ணம் மட்டுமே என்றும், உங்கள் உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிவீர்கள் என்றும் கருத்துப்படக் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி உள்ளது. இந்தப் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்களிடம் நான் சொல்வது வழக்கம்: வஹீ இறங்கிய நாவுக்குரியவர்களே மரம் ஏறுகிறவனின் அறிவுக்கு இடம் விட்டார்கள்; நாம் எம்மாத்திரம்?

ஆலோசனை பற்றி அரபிச் சொல்லகராதி ஓர் அழகிய செய்தி தருகிறது. மஷ்வரா, ஷூரா என்னும் சொற்களின் வேரிலிருந்தே, கூட்டிலிருந்து தேன் எடுப்பதற்கும் வினைச்சொல் வருகிறது. நல்லுரை என்னும் பொருள்தரும் நஸீஹத்துக்கும் அப்படியே. மெழுகு கலவாமல் தேனைத் தெளியவைப்பது என்று ஒரு பொருள். துணியைத் தைப்பது என்று மற்றொரு பொருள். இரண்டையும் அறிஞர் கத்தாபீ (ரஹ்) எடுத்துக்காட்டியுள்ளார். எத்தனையோ ஆண்டு இதை ரசித்து ரசித்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். தேன் எடுப்பவன் கூட்டை என்ன செய்கிறான் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. நானும் எண்ணியதில்லை.

அவர்கள் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, இரவு இஷாவுக்குப் பிறகு மகள் என் அறைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. "என்னம்மா எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"சொல்ல எனக்கு அனுமதி இல்லை அத்தா. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்."

அது சரிதான் என்று வாய்மூடினேன். சற்று நேரத்தில் அவளே கேட்டாள்: "ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் சுமந்தவர் என்று ஒரு ஹதீஸ் சொல்வீர்களே, அதன் விளக்கம் என்ன?"

விளக்கினேன். உன்னை நம்பி ஒருவர் கேட்கிறார். தெரிந்ததை மறைக்காதே, உன் நலனுக்காக வளைக்காதே, கேட்டவரின் இரகசியத்தை வெளியிடாதே. இவை மூன்றும் அதில் அடங்கும்.

"கேட்டவர் யார் அத்தா? அந்தத் தெருவார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லையே. கேட்டது கம்பெனி. நான் தெருவில் கண்டதை மறைத்தால் அதுவும் மோசடிதானே?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் ஓதிக்கொடுத்ததையே என் முன்னால் வைத்துவிட்டாள்.

கிதாபுகளில் தேடினேன். திருமணத்துக்கு இருவர் கேட்டபோது பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் அண்ணலாரிடம் யோசனை கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அவ்விருவரின் குறையையும் மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். இதனைக் கொண்டு இமாம் நவவீ (ரஹ்), புறம்பேசுதல் ஆகுமான ஆறு இடங்களில் ஆலோசனையையும் ஒன்றாக எண்ணினார்கள். ஆனால் தேவையின் அளவுக்கு மேல் சொல்லலாகாது என்பது அறிஞர்களின் நிபந்தனை. மறுநாள் காலை மகளிடம் இதைச் சொன்னேன். அவள் தன் குறிப்பேட்டைத் திறந்து காட்டினாள். பெயர் ஒன்றும் இல்லை. தெருவின் பெயரும் இல்லை. ஒன்று முதல் பதினேழு வரை எண்கள்தாம் இருந்தன. அவள் அதை முன்னமே செய்திருக்கிறாள். நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எண்ணாக மாறிவிட்ட அந்தப் பெண்களை அத்தாளில் என்னால் அடையாளம் காண முடிந்தது. பதினான்காம் எண்ணுக்கு எதிரே, 'கணவர் படுக்கையில், வெளியே வர இயலாது' என்று குறித்திருந்தாள்.

போய்விட்டார்கள். ஏப்ரல் முடிவில் அங்கே தங்கள் முடிவை எடுத்துரைத்ததாகவும் நல்ல மதிப்பெண் கிடைத்ததாகவும் செய்தி வந்தது.

அதன்பின் தெருவில் நடப்பது எனக்குச் சிரமமாயிற்று. "உங்க மக என்ன எழுதினாங்க ஹஜ்ரத்?" என்று திண்ணைக்குத் திண்ணை கேட்டார்கள். தெரியாது என்றால் நம்பவில்லை. தகப்பனுக்குச் சொல்லாத மகள் உண்டா என்று அவர்கள் எண்ணியதில் தவறில்லை. கல்வி, கையெழுத்து, ஒப்பந்தம் என்று நான் விளக்கினால், நழுவுகிறேன் என்று பட்டது. ஒருமுறை பத்து வயதுச் சிறுவன், அலிஃப் பே ஓத வந்த இடத்தில், "எங்கம்மாவுக்கு வேலை போயிடுமா?" என்று கேட்டான். ஓது என்று சொன்னேன்.

ஆகஸ்டில் விவரம் தெரிந்தது. வீட்டு வேலையை நிறுத்திவிட்டார்கள். ஏஜென்டையும் நீக்கினார்கள். தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டரில் ஒரு கொட்டகை போட்டு, அங்கே வந்து தைப்பவருக்கு ஜோடிக்கு ஒன்பது ரூபாய், பெயர் பேரேட்டில், சிறுவர் கை படக்கூடாது என்று ஏற்பாடு செய்தார்கள். மாணவர்கள் எழுதியது முழுவதும் இதுதானா, எழுதியதில் கம்பெனி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டதா என்பதை மகள் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

பதினேழு பேரில் பதினொருவர் கொட்டகைக்குப் போனார்கள். அவர்களுக்கு நன்மைதான், அதை நான் மறைக்கலாகாது. பேரேட்டில் பெயர் ஏறியதும் அவர்களில் ஒருத்தி எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தாள். பள்ளிக்கூடத்துச் சிறுமிகளின் கையிலிருந்து ஊசி போயிற்று. இதற்காக அல்லாஹ்விடம் அப்பிள்ளைகளுக்கு நற்கூலி கேட்கிறேன்.

ஆறு பேர் போகவில்லை. கணவரைப் படுக்கையில் வைத்திருந்தவர் ஒருவர். கணவனை இழந்து இத்தாவில் இருந்தவர் ஒருவர்; நான்கு மாதம் பத்து நாள் முடிந்து அவர் சென்றபோது இடம் நிரம்பிவிட்டிருந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி. கண் மங்கிய மூதாட்டி ஒருவர், கொட்டகையில் மேற்பார்வையாளர் ஒரு நாள் வேலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். மற்ற இருவரை மாமியார் விடவில்லை. ஆறு பேரும் வாசலில் என்னிடம் உள்ளதைச் சொன்னவர்கள். என்னை நம்பிச் சொன்னவர்கள். அந்தப் பதினேழு எண்களில் இவர்களின் எண்ணும் இருந்தது.

கல்லூரிகளில் இந்த வேலையை முடித்தபின் மாணவரிடம் கேட்கிறார்கள்: நீர் என்ன கற்றீர்? கம்பெனியிடம் கேட்கிறார்கள்: உமக்குத் திருப்தியா? இரண்டுக்கும் படிவம் உண்டு என்று மகள் சொன்னாள். பேசிய பெண்களிடம் கேட்க ஒரு படிவம் இருந்ததாக அவள் சொல்லவில்லை. அவர்கள் கேள்வியின் பொருள், கேட்டவர்கள் அல்லர். இதைக் குற்றமாக எழுதவில்லை. நம் மஹல்லா ஜமாஅத்துகளில் ஒரு விதவையின் ஜீவனாம்சம் பற்றிப் பேசும்போது அந்த விதவையை அழைத்து உட்காரவைத்தா பேசுகிறோம்? நான் அமர்ந்த மஷ்வராக்களில் அப்படி நடந்ததில்லை. அவர்களுக்காகப் பேசியவன் என்ற பெருமையோடு எழுந்து வந்திருக்கிறேன். திருவள்ளுவர் அமைச்சருக்கு அதிகாரம் வகுத்தார்; வேந்தனுக்கு அஞ்சாமல் உறுதி சொல்வது அவர் கடன் என்றார். அங்கும் கேட்பவன் வேந்தனே. குடியானவன் வாய் திறப்பதற்குத் தனியாக ஓர் அதிகாரம் எங்கே என்று இப்போது தேடத் தோன்றுகிறது.

2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக்காக நாடே அடைக்கப்பட்டபோது கொட்டகையும் அடைபட்டது. கம்பெனி தன் பேரேட்டில் இருந்த பதினொருவருக்கும் கொஞ்சம் முன்பணம் கொடுத்தது. ஆறு பேருக்குக் கொடுக்கப் பேரேடு இல்லை. மத்ரஸாவில் திரட்டிய அரிசியில் அவர்களுக்குப் பங்கு வைத்தேன். அதைக் கையில் வாங்கிய மூதாட்டி, "இதுக்கு மேல நீங்க என்ன பண்ணுவீங்க ஹஜ்ரத்" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. அந்த ஆண்டு வணிகக் கல்லூரிகளும் மாணவர்களை வெளியே அனுப்ப இயலாமல், திரையின் வழியே ஆலோசனை சொல்லவைத்தன என்று மகள் சொன்னாள். மூட்டையின் பின்னால் பதினொரு நாள் அலைந்த அந்த இளைஞரை அப்போது நினைத்துக்கொண்டேன். திரையில் பார்த்திருந்தால் ஏஜென்ட் வீட்டில் கிடந்த மூட்டை அவருக்குத் தெரிந்திருக்காது.

மகள் இப்போது ஆலோசனை கூறும் ஒரு நிறுவனத்திலேயே பணிபுரிகிறாள். சென்ற ஆண்டு ஷவ்வாலில் அந்த மூதாட்டி மத்ரஸா வாசலுக்கு வந்தார். ஒரு கண்ணுக்கு இலவச முகாமில் அறுவை செய்துகொண்டு, துணிக்கடைக்காரர் ஒருவருக்குச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூலி கட்டவில்லை, கூட்டிக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று அச்சம்.

"உங்க மககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க ஹஜ்ரத். பெரிய கம்பெனிக்கே வழி சொன்னவங்களாச்சே."

அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அழைத்தேன். அங்கே காலை நேரம். விவரத்தைச் சொல்லத் தொடங்கினேன். "நீங்கள் சொல்ல வேண்டாம் அத்தா. போனை அவர்களிடம் கொடுங்கள்" என்றாள். ஒலியைக் கூட்டி வாசற்படியில் வைத்தேன். மூதாட்டி முன்னால் குனிந்து உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு எத்தனை சேலை, நூல் யார் வாங்குகிறார்கள், துணிக்கடைக்காரர் வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்குகிறார், அந்தத் தெருவில் வேறு யார் இந்த வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு, "கொட்டகைக்கு நீங்கள் ஏன் போகவில்லை?" என்று கேட்டாள். மூதாட்டி அந்த ஒருநாள் கதையை முதலிலிருந்து சொன்னார். மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன், அறவில்லை.

"சொல்லுங்க பாட்டி, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் மகள்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒளுச் செய்யப் போய்விட்டேன்.